சுட்கிக்கு யார் கற்றுக்கொடுத்தது?



2008-ல் தொடங்கிய சோட்டா பீம் கார்ட்டூன், சிவகாசியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பீமுக்குப் பலம் தருவது லட்டு. அந்த லட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவள் சுட்கி என்ற சிறுமி. பீம் மோதுகிறான், போட்டியில் ஜெயிக்கிறான். எல்லாவற்றையும் விரிவாகக் காட்டுகிறார்கள். சுட்கி வீட்டு வேலை பழகியதை அப்படிக் காட்டுவதில்லை. பையன் என்றால் முயற்சி. பெண் என்றால், அது தானாக வந்த கைப்பக்குவம்!

தானாக வருமா? 2018-ல் தடை வரும் வரை நம்ம ஊர்ப் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிய அக்காக்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலோடு சேர்த்து இறுக்க வேண்டியிருந்தது. இழுத்தால் திரி அறும். தளர்ந்தால் வெடி கழன்று விழும். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகிய வித்தை அது. அதையும் 'பொம்பளைங்க வேலைதானே' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அது நியாயமே இல்லை.

கார்ட்டூனில் இதை மாற்றிக் காட்டவும் முடியும். சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா, வழி தேடிப் புறப்படும் பெண் குழந்தை. கேள்வி கேட்பாள், யோசிப்பாள், கண்டுபிடிப்பாள். பையன்களும் அவளோடு சேர்ந்து கத்திப் பதில் சொன்னார்களே!

இன்று சாயங்காலம் கார்ட்டூன் ஓடும்போது, பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள். 'சுட்கிக்கு இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தது?' என்று கேளுங்கள். மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும் கேளுங்கள்.