கால் அங்குல முதுகு

மலையேற்றம், முகாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது நம் ஊர்களிலும் பெருகிவிட்டார்கள். கூடாரம், தலைவிளக்கு, தூங்கும் பை எல்லாம் வாங்கி முடித்துக் கடைசியில் கத்தியில் வந்து நிற்பார்கள். மடக்குக் கத்தி சரிப்படாது, மடங்காத கத்திதான் வேண்டும். அதுவும் கனமாக, எதையும் தாங்குகிறதாக இருக்க வேண்டும் என்பார்கள். அந்த ‘எதையும்’ என்ற சொல்லைத்தான் இன்று கொஞ்சம் உரசிப் பார்க்கப் போகிறேன்.

இந்த ரகத்தில் உலகமெங்கும் பேர் பெற்ற கத்தி ஒன்று உண்டு. பெக்கர் பிகே 2. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஓலியன் என்ற ஊரைச் சேர்ந்த கே-பார் நிறுவனத்தின் தயாரிப்பு. அலகு 5.25 அங்குலம். முதுகின் தடிமன் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்கும் மேல். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வடிவமைத்தவர் ஈதன் பெக்கர். இவருடைய பாட்டி இர்மா ராம்பாவர், ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ என்ற சமையல் புத்தகத்தை 1931-இல் வெளியிட்டவர். அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் புத்தகம் அது. பேரனும் பாரிஸில் சமையல் படித்தவர்தான். அந்தப் புத்தகத்தின் 1997 பதிப்பில் அவர் பெயரும் இருக்கிறது. ஆக, சமையல்கட்டை நன்றாக அறிந்த ஒருவர், காய் நறுக்குவதற்கென்று நினைக்கவே முடியாத ஒரு கத்தியைச் செய்திருக்கிறார். தெரியாமல் செய்யவில்லை. ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். எதைப் பெற்றார், எதை விட்டார் என்று பார்ப்பதுதான் கத்தியை எடைபோடுவது.

பெற்றது, விறகு பிளக்கும் வலு. விறகை நிறுத்திவைத்து, அதன் தலையில் கத்தியைக் குறுக்கே வைத்து, முதுகில் ஒரு உருட்டுக்கட்டையால் தட்டினால், தடித்த அலகு உள்ளே இறங்க இறங்க மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்கும். மழை நாளில் வெளியே நனைந்த கட்டையைப் பிளந்து உள்ளே உலர்ந்திருக்கிற வைரத்தை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. இந்த வேலையில் மெல்லிய கத்தி சிக்கிக்கொள்ளும். பதம் சரியில்லாதது முறிந்தும் போகும்.

விட்டது என்ன? என் அக்கா மகன் இதே தடிமனில் ஒரு கத்தி வைத்திருக்கிறான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சவுக்கு விறகை அது பிளந்த அழகைப் பார்த்துவிட்டு, “சரிடா, இந்தக் கேரட்டை நறுக்கு” என்றேன். கூர் அரை விரல் இறங்கும்வரை கத்தி நறுக்கியது. அதற்குப் பிறகு நறுக்கவில்லை; ‘டக்’கென்று கேரட் பிளந்து ஒரு துண்டு தெறித்து அடுப்படிக்குக் கீழே ஓடியது. “கத்தி நல்லாத்தான் தீட்டியிருக்கு மாமா” என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். முடியை மழிக்கும் அளவுக்குக் கூர் இருந்தது. ஆனால் கூருக்கு ஒரு விரற்கடை மேலே அலகு எவ்வளவு தடிக்கிறதோ, அதுதான் நறுக்குவதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் காய்கறிக் கத்தியின் முதுகைப் பாருங்கள், பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. முகாமில் ஒரு நாள் முழுக்க நாம் செய்யும் வேலையை எண்ணினால், கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, குச்சி சீவுவது, காய் நறுக்குவது என்று அத்தனையும் மெல்லிய அலகு கேட்கிற வேலை. விறகு பிளப்பது ஏதோ ஒரு வேளை.

தடிமனாக இருந்தால் வெட்டுவதற்காவது உதவுமே என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல். ஓங்கி வெட்டும்போது வேலை செய்வது கத்தியின் மொத்த எடை அல்ல, நுனிப் பக்கம் இருக்கிற எடையும் அது சுழன்று வருகிற வேகமும். ஐந்தேகால் அங்குல அலகில் பாதி எடை கைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நம் திருப்பாச்சேத்தி அரிவாளையோ நேபாளத்துக் குக்கிரியையோ எடுத்துப் பாருங்கள். நீளமும், முன்பக்கம் கூடிய அகலமும் சேர்ந்து எடையை வெட்டுகிற இடத்துக்கே கொண்டுபோய்விடுகின்றன. கிளை கழிக்க இந்த இரண்டோடும் குட்டையான தடிக்கத்தி போட்டியிட முடியாது.

இனி இரும்பு. பிகே 2-இல் இருப்பது 1095 என்ற ரகத்தைச் சேர்ந்த எஃகு. கரி ஏறக்குறைய 0.95 விழுக்காடு, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் வெனேடியம். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் குரோமியம் 10.5 விழுக்காடாவது இருக்க வேண்டும். ஆகவே இது துருப்பிடிக்கும். அதனால்தான் மேலே கறுப்புப் பூச்சு. கடினத்தை ராக்வெல் அளவில் 56-லிருந்து 58 என்று சொல்கிறார்கள். நல்ல ஜப்பானியச் சமையல் கத்தி 60-ஐத் தாண்டும். இங்கே குறைத்து வைத்திருப்பது வேண்டுமென்றே. அடி வாங்குகிற கத்தி மிகக் கடினமாக இருந்தால் வாய் சில்லுச் சில்லாக உதிரும். கொஞ்சம் இளகியிருந்தால் மழுங்குமே தவிர உதிராது, மழுங்கினதைச் சாணை பிடித்துக்கொள்ளலாம்.

விளம்பரங்களில் எஃகின் எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது துவைச்சல். காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்து, பிறகு மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்குகிற வேலை. ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையை இரண்டு ஆசாரிகளிடம் கொடுத்துக் கத்தி அடிக்கச் சொல்லுங்கள். ஒன்று பேரன் காலம்வரை வரும், மற்றது ஆடி தாண்டாது. இரும்பு ஒன்றுதான், நெருப்பைப் பார்த்த கண் வேறு.

இந்தப் பதத்தைக் கடையில் நிற்கிறவர் எப்படிச் சோதிப்பது? கத்தி செய்கிறவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. பென்சில் பருமனுக்குக் குறைவான ஒரு பித்தளைக் கம்பியைப் படுக்கவைத்து, சாணை பிடிக்கிற சாய்விலேயே கத்தியின் வாயை அதன் மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். எதிரே விளக்கு இருந்தால் தெரியும். வாயின் விளிம்பு கம்பி படுகிற இடத்தில் சின்னதாகப் புடைத்து, கம்பி நகர்ந்ததும் பழையபடி நேராகிவிட வேண்டும். புடைப்பு அப்படியே நின்றுவிட்டால் பதம் இளக்கம். துளி உதிர்ந்தால் கடினம் மிகுதி. கடைக்காரர் சம்மதிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். வாங்கி வந்தபின் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பிடியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அலகின் வால் பிடிக்குள் கடைசிவரை முழு அகலத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒல்லியான வால் எல்லாமே மோசம் என்றில்லை. ஆனால் ஒல்லி வாலை அலகோடு பற்றவைத்து ஒட்டியிருந்தால், முதுகில் நாலு தட்டுத் தட்டினதும் ஒட்டு விட்டுவிடும். பிளாஸ்டிக் பிடி மறைத்திருக்கும், வெளியே தெரியாது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்பட்டதாக இல்லாவிட்டால், ஆயுத விதிகளின் வரம்புக்குள் வந்துவிடும். அதைவிட முக்கியம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆயுதம் என்று அது வரிசைப்படுத்துகிறவற்றில் கத்தியும் உண்டு. சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அங்கே கண்ட இடத்தில் தீ மூட்டவும் முடியாது. தீ மூட்ட முடியாத காட்டுக்குள் விறகு பிளக்கும் கத்தி எதற்கு? மேற்குத் தொடர்ச்சி மலையில் அனுமதி பெற்ற தடத்தில் நடக்கப் போகிறவருக்கு, கத்தி கொண்டுபோகலாமா என்று வனத்துறையிடம் முதலில் கேளுங்கள், கொண்டுபோகலாம் என்றால் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சொந்தத் தோட்டமோ எஸ்டேட்டோ இருக்கிறவர்கள் தாராளமாகத் தடித்ததை வாங்கலாம். வாங்கும்போது கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள்; நழுவி வந்தால் அந்த உறை தொடைக்கு ஆபத்து. உறையின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கட்டும். தோல் உறை என்றால் வேலை முடிந்ததும் கத்தியை வெளியே எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.