மொட்டைமாடியில் பீட்சா ராத்திரி



எனக்கு ஊர் கூடுவாஞ்சேரி. கடற்கரை ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் தாண்டி இறங்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சென்னைச் சொந்தங்கள், "வீடு நல்ல காத்தோட்டம், ஆனா ரொம்ப தூரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். இரண்டு வருஷம் யாரும் வரவில்லை. இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களே போன் செய்து, "இந்த வாரம் உண்டா?" என்று கேட்கிறார்கள். கேட்பது, எங்கள் மொட்டைமாடி பீட்சாவை.

நான் வீட்டில் பிரெட், பன், பீட்சா செய்யச் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறேன். அதனால் இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு. ராத்திரி விருந்துக்குத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுகிறவர் அடுப்படியை விட்டு நகர முடியாது. கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதற்குள் "இன்னொண்ணு" என்று குரல் வரும். எல்லாரும் கை கழுவின பிறகு ஆறிப்போன இரண்டு தோசையோடு அவர் தனியாக உட்காருவார். என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார். பீட்சாவில் பாதிக்கு மேல் வேலை முந்தின நாளே முடிந்துவிடும். மீதியை வந்தவர்களே பார்த்துக்கொள்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கு இது புதிதே அல்ல. சின்ன வயதில் வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு, காய் வாங்கிவந்து கூட்டாஞ்சோறு ஆக்கினவர்கள் அல்லவா நீங்கள்!

இப்போது மாவுக்கு வருகிறேன். பேனா, காகிதம் எடுக்கப் போகிறவர்கள் போய் எடுத்துவாருங்கள். அதற்குள் ஒன்று சொல்கிறேன். மாவு புளிக்கவைப்பது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய வித்தை இல்லை. இட்லி மாவில் உளுந்தோடு வரும் பாக்டீரியாக்கள் செய்கிற வேலையைத்தான் பீட்சா மாவில் ஈஸ்ட் செய்கிறது. இரண்டும் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. அந்த வாயுவை இட்லி மாவில் உளுந்தின் வழவழப்பு பிடித்து வைக்கிறது. மைதாவில் பிசையப் பிசைய உருவாகும் பசைச்சத்து, அதாவது குளூட்டன், பிடித்து வைக்கிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அதே சத்துதான்.

எட்டுப் பேருக்கு அளவு: மைதா 1 கிலோ, தண்ணீர் 600 மில்லி, உப்பு 20 கிராம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். அதாவது ஒரே ஒரு டீஸ்பூன். இவ்வளவுதானா என்று எல்லாரும் கேட்பார்கள். இவ்வளவுதான். ஏனென்றால் இது 20 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கப்போகிற மாவு. குளிரில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், ருசி கூடும். பத்து நிமிஷம் பிசைந்து, சாத்துக்குடி அளவில் எட்டு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி வையுங்கள்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், கத்திரி வெயில் நேரத்தில், ராத்திரி ஃபிரிட்ஜில் இடமில்லை என்று மாவை மேடையிலேயே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். விடிகாலையில் போன் வந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு மேடையில் வழிந்திருக்கிறது. வீடெல்லாம் கள் வாசனை. கொட்ட வேண்டாம் என்றேன். அதோடு புது மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசையச் சொன்னேன். அன்று மாலை அவர் வீட்டு பன் நன்றாகவே வந்தது. வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீரில் பிசையுங்கள் நேயர்களே. மார்கழியில் சாதாரணத் தண்ணீர் போதும்.

மறுநாள் மாலை, ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், உருண்டைகளை வெளியே எடுப்பேன். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வோர் உருண்டையும் இரு மடங்காகத் தளர்ந்து உட்கார்ந்திருக்கும். மேல்தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். விரலால் அமுக்கினால் குழி மெல்ல, பாதி மட்டும் எழும். அப்படி எழுந்தால் மாவு தயார்.

முதல் தடவை, நான் பூரிக்கட்டையை எடுத்தேன். எங்கள் அத்தை, என் மாமியார், "கட்டை எதுக்கும்மா?" என்று வாங்கி ஓரமாக வைத்தார். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, அதிரசம் தட்டுகிற மாதிரி, நடுவிலிருந்து வெளியே தட்டிக்கொண்டே போனார். ஓரத்தை மட்டும் தொடவேயில்லை. நான் அசந்துபோனேன். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து மாஸ்டர்கள் செய்வதும் அதுதான். நடுவில் இருக்கிற காற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளுவார்கள். அடுப்பில் அந்த ஓரம் உப்பிவரும். கட்டையால் தேய்த்தால் அந்தக் காற்று நசுங்கிப்போகும். அவர்களுடைய இந்தக் கைத்தொழிலை 2017-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. அத்தையிடம் சொன்னேன். "அப்போ அதிரசத்தையும் சேக்கச் சொல்லு" என்றார். இன்றுவரை பிள்ளைகளுக்குத் தட்டக் கற்றுக்கொடுப்பது அவர்தான்.

மேலே போடுவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தக்காளியும் பூண்டும் எண்ணெய் பிரிய வதங்கிக் கெட்டியாக இருக்கட்டும். தண்ணீராக இருந்தால் நடுவில் மாவு வேகாது. நேப்பிள்ஸ் பீட்சாவின் தக்காளியும் நம் ரசத்தின் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதான். ஆகவே நம் கைப்பக்குவத்தில் செய்யத் தயங்க வேண்டாம். மொசரெல்லா சீஸ், வெங்காயம், குடமிளகாய், பன்னீர். சிக்கன் என்றால் வேகவைத்தது. எங்கள் வீட்டில் கறிவேப்பிலைப் பொடிக்கும் ஒரு கிண்ணம் உண்டு. எதையும் கொஞ்சமாகத் தூவுங்கள்.

நேப்பிள்ஸில் விறகடுப்பில் 485 டிகிரி வரை சூடு. ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். நம் வீட்டு ஓ.டி.ஜி. ஓவன் 250 டிகிரிதான், எட்டு முதல் பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டுமே. நான் மொட்டைமாடியில் எல்லாரோடும் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை பழைய கதை ஒன்றை ஆரம்பித்தால், அடுத்த பீட்சா வெந்து வருவதற்குள் முடித்துவிடுவார்.

ஓவன் இல்லையே என்பவர்களுக்கும், மழைக்காலத்தில் கரன்ட் போய்விடுமே என்பவர்களுக்கும்: ஒரு நாள் எட்டுப் பேர் வகுப்பில் இருக்கும்போதே கரன்ட் போய்விட்டது. இரும்புத் தோசைக்கல்லை ஏற்றினேன். நன்றாகக் காய்ந்த கல்லில் மாவைப் போட்டு, குமிழி வந்ததும் திருப்பி, அதன்மேல் சாஸ், சீஸ் வைத்து, மூடி, தணலைக் குறைத்தேன். ஐந்து நிமிஷத்தில் சீஸ் உருகி, அடிப்பக்கம் தோசை மாதிரி முறுவல். அன்று வந்த மூன்று பேர் இன்றும் தோசைக்கல்லில்தான் செய்கிறார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பிசைந்து ஃபிரிட்ஜில் வையுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே எடுங்கள். ரொம்ப நாளாக வராத ஒரு வீட்டாரை முதலில் கூப்பிடுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மாடியிலும் இந்த மாதம் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று நம்புகிறேன்.