மின்மினி பார்க்கப் போகுமுன்

பள்ளி விடுமுறையில் கோல சிலாங்கூர் மின்மினிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட நாம் விரும்புகிறோம். எந்தப் படகில் ஏறுவது என்பதையும் சற்று யோசிப்போம்.

சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிப் பெண்ணை அழைக்கின்றன. நமக்கு அது தீபாவளி. அவற்றுக்கோ கல்யாணப் பேச்சு! கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் அந்தப் பேச்சைக் குலைத்துவிடும். மின்மினியின் புழுவோ மரத்தில் வாழ்வதில்லை. கரையின் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே, செம்பனைக்காகக் கரையை வெட்டினால் மரம் மட்டுமா போகும்? நத்தையும் புழுவும் சேர்ந்தே போகும். கரையோரம் தெளிக்கும் பூச்சிமருந்து எங்கே போய்ச் சேரும் என்பது, தோட்டத்தில் மருந்தடிக்கும் நம் பெண்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கம்போங் குவாந்தானில் துடுப்பு வலிக்கும் சம்பான் உண்டு. அதில் சத்தமில்லை, புகையில்லை, கரையை அரிக்கும் அலையுமில்லை. மின்மினி பார்க்க என்ன அவசரம்? ஏறுமுன், "பாக்சிக், விளக்கடிப்பீர்களா? பூச்சி பிடித்துத் தருவீர்களா?" என்று மலாயில் கேட்டுவிடுவோம். "தருகிறேன்" என்றால் அடுத்த படகைப் பார்ப்போம்.

சபாவின் சிப்பாடான் தீவில், பவளப்பாறைகளைக் காப்பதற்காக 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் விடுதிகளையே அரசாங்கம் அகற்றியது. இன்று அங்கே அனுமதிச் சீட்டோடு பகலில் போய்வரலாம், தங்க முடியாது.

மழையில்லாத, நிலவு மங்கிய இரவாகப் பார்த்துப் புறப்படுங்கள். கொசு கடிக்கும், பிள்ளைகளுக்கு நீளக்கைச் சட்டை போடுங்கள். கொசுமருந்தைப் படகில் தெளிக்க வேண்டாம்.