இரவலாக வந்த போர்: அரபுப் படைகளும் அயல்நாட்டு ஆலோசகர்களும், 1915–1924



முதல் உலகப் போர்க்காலத்து அரபுக் கிளர்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது, வெள்ளை அங்கி உடுத்து ஒட்டகத்தின் மேல் வரும் ஓர் ஆங்கிலேயர்தான். 1962இல் வெளிவந்த டேவிட் லீனின் திரைப்படம் அந்த உருவத்தை உலகம் முழுவதும் பதித்துவிட்டது. தாமஸ் எட்வர்ட் லாரன்ஸைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அவரைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். ஆனால் அவரிடமிருந்து தொடங்கினால், ஆலோசகர் என்றால் ஐரோப்பியர், கேட்டுக்கொள்பவர் என்றால் அரபியர் என்று நம் மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். அதனால் வேறொருவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் ஜாஃபர் அல்-அஸ்கரி.

1885இல் பிறந்த பாக்தாத்காரர். உஸ்மானியப் பேரரசின் படை அதிகாரி. ஜெர்மனியிலும் பயிற்சி பெற்றவர். 1915இல் எகிப்துக்கு மேற்கே, இன்றைய லிபியாவின் கிழக்குப் பகுதியான சைரனைக்காவுக்கு இஸ்தான்புல் அவரை அனுப்பியது. அங்கே சனூசிகள் இருந்தார்கள். சனூசி என்பது ஒரு சூஃபி நெறி. அந்தப் பாலைவனப் பழங்குடிகள் அதன் தலைமையை ஏற்றிருந்தார்கள். 1911இல் இத்தாலி படையெடுத்து வந்த நாளிலிருந்து அவர்கள் இத்தாலியரோடு போரிட்டு வந்தார்கள். தலைவர் சய்யித் அகமது அல்-ஷரீஃப்.

சய்யித் அகமதுக்குப் பகை இத்தாலியர். எகிப்தை ஆண்ட ஆங்கிலேயரோடு அவருக்கு அப்படியொரு பகை இல்லை. எகிப்து எல்லை வழியாகத்தான் தானியமும் துணியும் வந்தன. அந்த வழி அடைபட்டால் மக்கள் பட்டினி கிடக்க வேண்டும். ஆனால் இஸ்தான்புல்லின் கணக்கு வேறு. எகிப்தின் மேற்கு எல்லையில் தீ மூட்டினால், சூயஸ் கால்வாயைக் காக்கும் ஆங்கிலப் படையில் ஒரு பகுதி அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தீயை மூட்ட வந்தவர்கள் போர் அமைச்சர் என்வர் பாஷாவின் தம்பி நூரி பேயும், அவரோடு பணியாற்றிய ஜாஃபரும்.

சய்யித் அகமது நீண்ட நாள் தயங்கினார். 1915 நவம்பரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் 'தாரா' என்ற ஆங்கிலக் கப்பலை மூழ்கடித்து, பிழைத்த மாலுமிகளைச் சனூசிகளின் கரையில் கொண்டுவந்து ஒப்படைத்தது. கைதிகளை வாங்கிக்கொண்டவர் அதற்குப் பிறகு நடுநிலை பேச முடியாது. அந்த மாதமே எல்லையூரான சல்லூமை விட்டு ஆங்கிலேயர் பின்வாங்கினார்கள்; போர் தொடங்கிவிட்டது.

ஜாஃபர் தன் வேலையை நன்றாகவே செய்தார். பழங்குடி வீரர்களை அணிவகுக்கவும், பீரங்கியையும் இயந்திரத் துப்பாக்கியையும் கையாளவும், ஒழுங்காகப் பின்வாங்கவும் பழக்கினார். எதிரிகளே அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் 1916 பிப்ரவரி 26 அன்று அகாகியா என்ற இடத்தில், ஆங்கிலக் குதிரைப்படை வாளோடு பாய்ந்து வந்தபோது, காயம்பட்ட நிலையில் அவர் பிடிபட்டார். நூரி பே தப்பிவிட்டார். சில வாரங்களில் சல்லூம் மீண்டும் ஆங்கிலேயர் கையில்.

பிறகு நடந்ததை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. எல்லை அடைபட்டது. தானியம் நின்றது. சய்யித் அகமதுவின் செல்வாக்குச் சரிந்து, தலைமை அவருடைய உறவினர் இத்ரீஸிடம் போயிற்று. இத்ரீஸ் 1917இல் ஆங்கிலேயரோடும் இத்தாலியரோடும் உடன்பாடு செய்துகொண்டார். பின்னாளில் லிபியாவின் மன்னரும் ஆனார். சய்யித் அகமது 1918இல் நீர்மூழ்கிக் கப்பலேறித் துருக்கிக்குப் போனார். பயிற்சியில் குறையில்லை, வீரத்திலும் குறையில்லை. சண்டைதான் அவர்களுடையதல்ல. ஆலோசகர் தன் திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. தன்னை அனுப்பியவரின் போரையும் சுமந்துகொண்டு வருகிறார். அதை யார் கேட்டார்கள் என்று வரலாற்றாசிரியன் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

கெய்ரோ கோட்டையில் சிறைப்பட்ட ஜாஃபர், போர்வைகளைக் கயிறாக்கி இறங்கித் தப்ப முயன்று விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்த நாட்களில்தான், டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் அரபு தேசியவாதிகளை உஸ்மானியத் தளபதி ஜமால் பாஷா தூக்கிலிட்ட செய்தி அவருக்கு எட்டியது. யாருக்காக உயிரைக் கொடுத்துப் போரிட்டாரோ, அவர்களே தன் இனத்தாரைத் தூக்கில் ஏற்றினார்கள். 1917இல் அவர் மெக்காவின் ஷரீஃப் ஹுசைனுடைய மகன் ஃபைசலின் படையில் சேர்ந்தார். இதைக் கட்சி மாறியது என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் போர் எது என்று அவர் அப்போதுதான் கண்டுகொண்டார்.

மெக்கா அமைந்த ஹிஜாஸில், ஹுசைன் தலைமையில் உஸ்மானியருக்கு எதிரான கிளர்ச்சி 1916 ஜூனிலேயே தொடங்கியிருந்தது. லாரன்ஸ் முதன்முதலாக ஜித்தாவில் இறங்கியது அந்த ஆண்டு அக்டோபரில்தான். மெக்கா அதற்கு முன்பே கிளர்ச்சியாளர் வசமாகிவிட்டது. அவர் ஒருவரே ஆலோசகரும் அல்லர். ஸ்டூவர்ட் நியூகோம்ப், பியர்ஸ் ஜாய்ஸ், தண்டவாளத்தில் வெடி வைப்பதைக் கற்றுக்கொடுத்த ஹெர்பர்ட் கார்லண்ட், பிரெஞ்சுக் குழுவின் தலைவர் பிரெமோன், அல்ஜீரியப் பீரங்கிப் படையோடு வந்த பிசானி எனப் பலர். எகிப்தியப் பீரங்கி வீரர்கள் வந்தார்கள். 1917 நவம்பரில் யர்மூக் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்கப் போன குழுவில், ஜமேதார் ஹசன் ஷாவின் கீழ் இந்திய இயந்திரத் துப்பாக்கி வீரர்களும் இருந்தார்கள்.

1917 ஆகஸ்டில் லாரன்ஸ், புதிதாக வரும் அதிகாரிகளுக்காக 27 குறிப்புகளை எழுதினார். தலைவருக்குச் சொல்வதைத் தனியே சொல்ல வேண்டும், பிறர் முன் அவரைத் தாழ்த்தக் கூடாது, கட்டளை இடக் கூடாது, அரபியர் தாமே ஓரளவுக்குச் செய்வதை நீ சிறப்பாகச் செய்து கொடுக்காதே என்பது போன்றவை. கூர்மையான மனிதரின் கூர்மையான கவனிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை நாடோடிகளான பதூவின் மக்களுக்கு மட்டுமே பொருந்தும், நகரத்தாருக்கும் சிரியருக்கும் வேறு வழி வேண்டும் என்று அவரே தொடக்கத்தில் எச்சரித்திருந்தார். 2006இல் அமெரிக்கப் படை வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டில் லாரன்ஸின் கருத்து இடம்பெற்றது. பாக்தாத் தெருக்களில் நின்ற இளம் அதிகாரிகள் அந்தக் குறிப்புகளைப் படித்தார்கள். எச்சரிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேரோ.

அந்தக் குறிப்புகளில் ஒரு பெரிய விஷயம் இல்லை. தலைவர் ஆலோசகரை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. நடைமுறையில் அந்த நம்பிக்கை இரண்டு வழியில் வந்தது. ஒன்று தங்கம். ஒரு கட்டத்தில் ஆங்கில அரசு மாதம் 2 லட்சம் பவுன் வரை கொடுத்தது. போராளிக்கு மாதம் 2 பவுன், ஒட்டகத்துக்கு 4 என்ற அளவில் கூலி போயிற்று. மற்றொன்று, அரபியருக்கு விடுதலை என்ற வாக்கு. கூடவே உண்டு, உறங்கி, குண்டடிபட்டு வாழ்ந்த மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் லண்டனின் வாக்கை அவர்கள் நம்பினார்கள். ஆலோசகர், தான் கையெழுத்திடாத ஒப்பந்தத்துக்கு ஜாமீன்தாரர் ஆனார். தன் அரசு அந்த வாக்கைக் காப்பாற்றாது என்பதை லாரன்ஸ் போர் முடியுமுன்பே அறிந்திருந்தார். அந்த வெட்கத்தைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அறிந்தும் ஆள் திரட்டினார் என்பதை அவர் மேதைமையின் நிழலில் நாம் மறைத்துவிடக் கூடாது.

சிரியாவையும் மெசப்பொட்டேமியாவையும் பங்கு போட்டுக்கொண்ட சைக்ஸ்–பிக்கோ உடன்பாடு 1916 மே மாதத்தது. 1917 நவம்பரில் ரஷ்யப் புரட்சியாளர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள். ஜமால் பாஷா உடனே இரண்டு கடிதங்கள் எழுதினார்: ஒன்று ஃபைசலுக்கு, மற்றொன்று ஜாஃபருக்கு. ஆங்கிலேயர் உங்களை ஏமாற்றிவிட்டார்கள், திரும்பி வாருங்கள் என்பதே அவற்றின் சாரம். ஹுசைன் விளக்கம் கேட்டு அவற்றை ஆங்கிலேயருக்கே அனுப்பினார். 1918 பிப்ரவரியில் லண்டனிலிருந்து விடை வந்தது. எல்லாம் துருக்கியரின் சூழ்ச்சி, அரபியரின் விடுதலைக்குத் துணை நிற்கிறோம் என்றது அது. நம் தோழர்களைத் தூக்கிலிட்டவர் உண்மையைச் சொல்கிறார். நம் நண்பர்கள் மழுப்புகிறார்கள். ஜாஃபர் அந்த நாட்களை எப்படிக் கடந்திருப்பார்! அதற்குப் பிறகும் அவர் மஆன் என்ற ஊரைச் சுற்றிப் போரிட்டார். 1918 அக்டோபரில் அவர்கள் டமாஸ்கஸை அடைந்தார்கள். அங்கே அமைந்த ஃபைசலின் அரசை 1920 ஜூலையில் மைசலூனில் பிரெஞ்சுப் படை முடித்துவைத்தது.

ஆங்கிலேயர் ஃபைசலை 1921இல் ஈராக்கின் மன்னராக்கினார்கள். ஜாஃபர் அந்நாட்டின் முதல் பாதுகாப்பு அமைச்சர். 1923 நவம்பரில் பிரதமர். அவர்முன் வந்த முதற்பெரும் வேலை, 1922இல் எழுதப்பட்ட ஆங்கில–ஈராக்கிய ஒப்பந்தத்துக்கு அரசியல் நிர்ணய சபையின் ஒப்புதல் பெறுவது. முக்கிய விஷயங்களில் மன்னர் ஆங்கில ஹைகமிஷனரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். அரசுப் பதவிகளில் ஆங்கில அதிகாரிகளை அமர்த்தவும் அதன் துணை உடன்படிக்கை வழிசெய்தது. தெருவில் எதிர்ப்பு; உறுப்பினர்களுக்கு மிரட்டல். 1924 ஜூன் 10 நள்ளிரவுக்குள் நிறைவேறாவிட்டால் சபையைக் கலைக்க வேண்டியிருக்கும் என்றார் ஹைகமிஷனர் ஹென்றி டாப்ஸ். இரவோடிரவாக உறுப்பினர்களை வீடு வீடாகத் தேடி அழைத்து வந்தார்கள். 100 பேரில் 69 பேர் வந்தார்கள். ஆதரவு 37, எதிர்ப்பு 24. ஆலோசகர்களை இனி நாடே கேட்டு வாங்கிக்கொண்டதாக அந்த வாக்கெடுப்பு ஆவணமாயிற்று. அதைத் திரட்டிக் கொடுத்த பிரதமர், ஒன்பது ஆண்டுகளுக்குமுன் சனூசிகளின் கூடாரத்துக்கு ஆலோசகராகப் போன அதே ஜாஃபர் அல்-அஸ்கரி.