புகை மணி யார் பொறுப்பு?

நம் ஊர்களிலிருந்து நர்ஸ் வேலைக்கும், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும், படிப்புக்கும் இங்கிலாந்து போன பிள்ளைகள் இருக்கிறார்கள். மில் தொழிலாளியின் மகளும் உண்டு. கூலி விவசாயியின் மகனும் உண்டு. அங்கே அவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் குடிக்கூலி வீடுதான். அந்த வீட்டு உட்கூரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சாமான் ஒட்டியிருக்கும். அதுதான் புகை மணி. இத்தனூண்டு சாமானுக்கு ஒரு கூட்டமா என்று எண்ண வேண்டாம். அதற்குள் வீட்டுக்காரர், குடித்தனக்காரர், சர்க்கார் மூவரின் கதையும் இருக்கிறது.

வீடு பற்றினால் மனிதன் வெந்து சாகிறான் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் நெருப்பு கட்டிலை எட்டுமுன் புகை எட்டிவிடுகிறது. பல பேரைக் கொல்வது அந்தப் புகையே. தூங்குகிறவனின் மூக்கும் தூங்கிவிடும். நெடி அவனை எழுப்பாது. காதில் விழும் பெருஞ்சத்தம் எழுப்பும். கருவிக்குள் ஒரு மெல்லிய ஒளி ஓடுகிறது. புகை நுழைந்து அந்த ஒளியைச் சிதறடித்ததும் மணி அலறும். ஓடித் தப்பச் சில நிமிஷம் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இதை மாட்ட வேண்டியது யார்? 2015 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்துச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வீட்டுக்காரர். ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு மணி. குடிவரும் நாளிலே அது அடிக்கிறதா என்று பார்த்துத் தரவேண்டியதும் அவரே. மீறினால் நகரசபை நோட்டீஸ் கொடுக்கும்; 28 நாளில் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம். 2022 அக்டோபர் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. மணி கெட்டுவிட்டது என்று குடித்தனக்காரர் சொன்னால், வீட்டுக்காரர் பழுது பார்க்க வேண்டும், அல்லது புதிது மாட்ட வேண்டும்.

"சொன்னால்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள் தோழர்களே! யார் சொல்வது? காரணமே காட்டாமல் இரண்டு மாத நோட்டீசில் குடித்தனக்காரரை வெளியேற்ற 1988-ஆம் வருஷத்துச் சட்டம் அங்கே இடம் கொடுத்திருந்தது. மணி அடிக்கவில்லை என்று இன்று புகார் செய்தவனுக்கு நாளை சட்டி பானையைத் தூக்கும் கதி வந்தால், வாயைத் திறப்பானா? இடையில் சில தடுப்புகள் போட்டார்கள். அந்த முறையை அடியோடு ஒழிக்கும் சட்டம் 2025-ல்தான் நிறைவேறியது.

இன்னும் கேளுங்கள். 2015-ஆம் வருஷத்துச் சட்டம் தனியார் வீட்டுக்காரரை மட்டுமே கட்டியது. நகரசபை வீடுகளில் குடியிருந்த ஏழைகளுக்கு அது 2022-ல்தான் வந்து சேர்ந்தது. நடுவில் என்ன நடந்தது?

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்று 24 மாடிக் கட்டிடம். நகரசபைக்குச் சொந்தம். 2017 ஜூன் 14 நள்ளிரவுக்குப் பின் நாலாவது மாடி வீடொன்றில் குளிர்ப்பெட்டி அருகே தீப்பிடித்தது. அந்த வீட்டுப் புகை மணி அடித்தது. தூங்கியவர் எழுந்தார், 12.54-க்குத் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தார், உயிர் தப்பினார். சின்ன மணி தன் கடமையைச் செய்துவிட்டது. பெரியவர்கள்? வெளிச்சுவரில் போர்த்தியிருந்த அலுமினியத் தகட்டின் நடுவே இருந்தது பாலிதீன்! தீ சுவரேறிப் பரவியது. கட்டிடத்தார் எல்லோரையும் ஒருசேர எழுப்பும் பொது மணி கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற யோசனை மாறியது இரண்டரை மணிக்குப் பிறகே. 72 பேர் மாண்டார்கள். குடியிருந்தோர் 2016 நவம்பரிலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அந்தச் சாவுகள் அத்தனையும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024 செப்டம்பரில் விசாரணைத் தலைவரே சொன்னார்.

ஆகவே, பிள்ளைகளோடு பேசும்போது இதையும் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே மணியின் பொத்தானை அமுக்கிப் பார்க்கட்டும்; பிறகு மாதம் ஒரு முறை. கடுகு தாளித்தால் கத்துகிறது என்று பாட்டரியைக் கழற்றி வைக்கிறவர்கள் நம்மவர்களில் உண்டு, அது கூடாது. அடுப்படிக்குப் புகைக்குப் பதில் சூட்டை அறியும் மணி இருக்கிறது, அதைக் கேட்கட்டும். விறகோ நிலக்கரியோ எரியும் அடுப்பு, காஸ் கொதிகலன் உள்ள அறையானால் கார்பன் மானாக்சைடு மணியும் வீட்டுக்காரர் மாட்டவேண்டும். அந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்திருப்பவரை இந்தச் சட்டம் காக்காது. அவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளட்டும். மசியவில்லையா, அதே நகலோடு நகரசபைக்குப் போகட்டும். தனியே போக அச்சமென்றால் அங்கே குடித்தனக்காரர் சங்கங்கள் இருக்கின்றன. போய்ச் சேர்ந்து, நாலு பேரோடு போகட்டும்.