சாட்சியில்லாக் கடன்

(திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயில் வாயிலில் புதிய வாகனங்களுக்குப் பூசை நடைபெறுவதை அனைவரும் கண்டிருப்பீர்கள். நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சங்கனிகள், முகப்பில் சந்தனமும் மாலையும், எதிரே கற்பூர ஒளி. வீட்டின் மூத்தவர் முன் இருக்கையில் அமர்ந்திருக்க, வண்டி மெல்ல நகர்ந்து கனிகளை நசுக்குகின்ற அந்த நொடியில் குடும்பம் முழுவதும் முகம் மலர்கின்றது. அந்த மகிழ்ச்சியைக் குறை கூறுவார் யார்? ஆயினும், பூசைத் தட்டில் சாவியை வைப்பவர்கள் அதனுடன் வங்கியின் தவணைப் பட்டியலையும் வைத்து வணங்குவதில்லை. வைத்தால் அதற்கும் சிறிது திருநீறு கிடைக்கும்!

வாகனத்தின் மீது விருப்பம் கொள்வது குற்றமன்று. நம் தெய்வங்களுக்கே வாகனங்கள் உண்டு. அவற்றை அலங்கரித்து வீதியுலா எழுந்தருளச் செய்கின்றோம். வேகத்தின் மீது கொள்ளும் வேட்கையும் இழிந்ததன்று. கோவை மாநகரை எடுத்துக் கொள்ளுங்கள். நூற்பாலைகளுக்கும் பம்புகளுக்கும் பெயர் பெற்ற அந்நகர், கார்ப் பந்தயத்துக்கும் பெயர் பெற்றது. அவ்வூர் ஆலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்களை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அவ்வூர்க்காரரே. அத்தகைய ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு எஞ்சினின் ஒலி இனிமையாகக் கேட்பதில் வியப்பு என்ன?

அவ்வூரில் ஓர் இளைஞர். பெயர் வேண்டா. தந்தையார் பம்புத் தொழிற்கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாயார் இல்லத்தரசி. திருமண வயதில் ஒரு தங்கை. இளைஞருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் ஊதியம் மாதம் 45,000 ரூபாய். சேமித்த 2 லட்சத்தை முன்பணமாகக் கட்டி, 10 லட்சம் வங்கிக் கடனில், டர்போ பொருத்திய சிறிய கார் ஒன்றை வாங்கினார். வட்டி 9½ விழுக்காடு, ஏழு ஆண்டுகள், மாதத் தவணை ஏறத்தாழ 16,350. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 3,73,000 ரூபாய் ஆகும். ஊதியத்துக்கு இது சற்றுக் கனம்தான். ஆயினும் இது வீட்டாருக்குத் தெரிந்த கடன். தந்தையார் தாமே காகிதங்களைப் படித்துப் பார்த்து, முடிவு நாளையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்.

வீட்டாருக்குத் தெரியாத கடன் பிறகு தொடங்கிற்று.

எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றி எழுதினால் அதன் திறன் கூடும். இளைஞர்கள் இதனை ரீமேப் என்பார்கள். செலவு 45,000. டர்போ முன்னிலும் அதிகமாகக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும், கார் பாயும். ஆனால் காற்றை அழுத்தினால் வெப்பம் ஏறும். அதனைத் தணிக்கப் பெரிய இன்டர்கூலர் வேண்டும். அதனுடன் புதிய காற்று வடிகட்டி. இரண்டும் சேர்ந்து 55,000. புகை தடையின்றி வெளியேறப் புதிய சைலன்சர், 65,000. கூடிய விசையைப் பழைய கிளட்ச் தாங்காது; கூடிய வேகத்தைப் பழைய பிரேக் அடக்காது; அவற்றுக்கு 50,000. அகன்ற டயர்களும் அலாய் சக்கரங்களும் 1,10,000. காரைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் 85,000. பதினான்கு மாதங்களில் 4,10,000 ரூபாய்! ஒவ்வொன்றையும் பொருத்தும்போது, இதுவே கடைசி என்றுதான் அவர் மனமார நினைத்தார். பொய்யாக நினைக்கவில்லை. ஒரு பாகம் மற்றொரு பாகத்தைக் கேட்பது இயந்திரத்தின் இயல்பு. வட்டி வட்டியைப் பெறுவதும் அப்படித்தான்.

திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. மென்மையான மயிலிறகுச் சுமையால் வண்டியின் அச்சு முறிகின்ற உவமை அங்கேதான் வருகின்றது; வரவையும் செலவையும் அளந்து வாழ்வதைப் பற்றிய குறட்பாக்களும் அதே அதிகாரத்தில்தான் அமைந்துள்ளன. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது ஏன் என்பது இந்த இளைஞரின் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

சட்டமும் இதில் குறுக்கிடுகின்றது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால், அறிவிக்காத மாற்றங்களைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும்.

4,10,000 ரூபாயில் அவர் ரொக்கமாகக் கொடுத்தது 30,000 மட்டுமே. கடன் அட்டையில் 2 லட்சம். கைப்பேசிச் செயலிகளின் வழியாகச் சிறு சிறு கடன்கள் 60,000. மீதி 1,20,000 ரூபாய்க்குத் தாயாரின் ஐந்து சவரன் சங்கிலி அடகுக்குப் போயிற்று. வேலை உயர்வுக்கு ஒரு படிப்புப் படிக்க வேண்டும் என்று தாயாரிடம் சொல்லி அதனை வாங்கிச் சென்றார். தாயாரும் நம்பினார். உறவினர் வீடுகளில், "என் சங்கிலி என் மகன் படிப்பில் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்லியும் வந்தார். கழுத்து வெறுமையாக இருப்பதைக் கணவர் கேட்டபோது மட்டும், வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பதாகக் கூறினார். மகனுடைய மறைப்பு தாயையும் பொய் சொல்ல வைத்துவிட்டது பாருங்கள்.

கடன் அட்டையின் கணக்கைச் சற்று நோக்குங்கள். நிலுவை 2 லட்சம். வட்டி மாதத்துக்கு 3½ விழுக்காடு எனில் 7,000 ரூபாய். அந்த வட்டியின் மீது சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, 1,260. ஆகவே மாதம் 10,000 ரூபாய் கட்டினாலும் அசலில் குறைவது 1,740 ரூபாய் மட்டுமே. கார்த் தவணை, அட்டைத் தொகை, செயலிக் கடன்களின் தவணைகள், நகைக்கு வட்டி, பெட்ரோல் என எல்லாம் போக, வீட்டுக்குக் கொடுத்து வந்த தொகை முதலில் குறைந்தது, பிறகு நின்றது. கைப்பேசி ஒலித்தால் அவர் மாடிக்குச் சென்று பேசலானார். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலிப்போர் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. அந்த விதி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், ஒளிந்து வாழ்பவர் விதியை எடுத்துப் பேசுவாரா?

திருமலையில் எழுந்தருளியுள்ள வேங்கடவன், பத்மாவதித் தாயாரை மணம் புரியக் குபேரனிடம் கடன் பெற்றான் என்பது புராணம். பத்திரம் எழுதப்பட்டது, பிரமனும் சிவபெருமானும் சாட்சிகள். அடியார்கள் உண்டியலில் இடும் காணிக்கை அந்தக் கடனின் வட்டிக்கே என்பது இன்றளவும் மக்கள் நம்பிக்கை. எதற்காக வாங்கினான், எவரிடம் வாங்கினான், எப்பொழுது தீர்ப்பான் என்பதெல்லாம் உலகறியும். உலகறிந்ததனால் கோடிக்கணக்கானோர் அக்கடனைத் தங்கள் கடனாகக் கருதிப் பங்கு செலுத்துகின்றனர். இளைஞரின் கடனுக்கோ சாட்சி இல்லை. ஆகவே பங்காளியும் இல்லை.

கும்பகோணத்துக்கு அருகில் திருச்சேறையில் ருண விமோசன லிங்கேசுவரர் சந்நிதி உள்ளது. கடன் தொல்லை நீங்கப் பதினொரு திங்கட்கிழமைகள் வழிபடுவோர் பலர். வீட்டில் சொல்ல நா எழாததை அங்கே கண்ணீரோடு சொல்லிவிட்டுத் திரும்புவோரும் அவர்களுள் இருப்பர். இறைவன் கேட்டுக் கொள்வான், ஐயமில்லை. ஆனால் வங்கியின் கடிதம் வீட்டு முகவரிக்கு அல்லவா வரும்?

ஆனி மாதத்தில் பேரூர் பட்டீசுவரர் திருக்கோயிலில் நாற்று நடவுத் திருவிழா நடைபெறுகின்றது. அக்குடும்பத்தினர் அவ்விழாவுக்குச் சென்றனர். தல வரலாறு அன்பர்கள் அறிந்ததே. பாடிப் பொன் பெறும் வழக்கமுடைய சுந்தரர் வருகின்றார். பெருமான் உமையம்மையோடு வயலில் இறங்கி, நாற்று நடும் கூலியாளாக ஒளிந்து கொள்கின்றான். எவரிடமும் சொல்லாதே என்று நந்திக்குக் கட்டளை. சுந்தரர் வந்து கேட்க, நந்தியோ கண்ணாலேயே வயலைக் காட்டிவிட்டது. பெருமான் மண்வெட்டியால் நந்தியை அடித்தான் என்றும், அந்த வடுவே அங்குள்ள நந்தியின் தாடையில் காணப்படுகின்றது என்றும் கூறுவர்.

கொடுக்க வேண்டியவர் ஒளிந்து கொள்ளும் கதை! இளைஞர் அந்த நந்தியின் முன் நெடுநேரம் நின்றார். தாயார் சந்நிதியில் கைகூப்பி நிற்க, அவருடைய கழுத்தில் தாலிக் கொடி தவிர ஒன்றும் இல்லை. அன்றிரவு உணவு முடிந்த பின் இளைஞர் தந்தையாரின் முன் வந்து அமர்ந்தார்.

"அப்பா, உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்குதுங்க."

சொன்னார். சங்கிலியைப் பற்றிச் சொல்லும்போது தாயார் எழுந்து உள்ளே சென்றுவிட்டார். தந்தையார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மொத்தம் எத்தனை என்று மட்டும் கேட்டார்.

"ஏறத்தாழ மூன்று லட்சம் இருக்குங்கப்பா."

"ஏறத்தாழ என்பதை லேத்தில் வைத்துக் கடைய முடியாது, கண்ணு. தாளை எடுத்து எழுது."

எழுதினார்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றி வழங்கும் முழு அறிக்கையை எடுத்துப் பார்த்ததில், அவரே மறந்து போயிருந்த 8,000 ரூபாய்ச் செயலிக் கடன் ஒன்றும் வெளிப்பட்டது. கூட்டினால், கார்க் கடன் நீங்கலாக 3,80,000. தம் கடன் எவ்வளவு என்பதை அந்த இளைஞர் அன்றுதான் முதன்முறையாக அறிந்தார்.

காரை விற்பதென்று முடிவாயிற்று. அதுவும் எளிதாக நடக்கவில்லை. மாற்றங்களைக் கண்டு மகிழ்ந்து வந்த இளைஞர்களிடம் பணம் இல்லை; பணம் வைத்திருந்தவர்களோ, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டி வேண்டும் என்றார்கள். ஆகவே பழைய பாகங்களைத் தேடிப் பொருத்த வேண்டியதாயிற்று. கழற்றிய சைலன்சரைத் தந்தையார் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பற்றவைத்த இடத்தை விரலால் தடவி, "வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட அந்தப் பிள்ளைக்கு அத்தனை வலித்திராது.

கார் விற்ற தொகையில், நிலுவையில் நின்ற 7,78,000 ரூபாய் வங்கிக் கடன் தீர்ந்து, பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயரும் நீங்கிற்று. கையில் எஞ்சியது 50,000. நான்கு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பாகங்கள் 90,000 ரூபாய்க்குப் போயின. அந்த 1,40,000 ரூபாயில் செயலிக் கடன்கள் அனைத்தும் தீர்ந்தன. அட்டையில் 80,000 குறைந்தது. அட்டையில் எஞ்சிய 1,20,000 ரூபாயை, 14 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுத் தனிநபர் கடனாக மாற்றினர். அதன் தவணை ஏறத்தாழ 5,760. நகைக் கடனுக்கு மாதம் 10,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்தால், முன்பு காருக்குக் கட்டி வந்த அதே தொகை.

தந்தையார் தம் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டா என்று மறுத்தவர் தாயார். சங்கிலியை விற்றுவிடலாம் என்று மகன் சொன்னபோதும் அவர் இசையவில்லை. "விற்க வேண்டாம், மீட்டுக் கொண்டு வா" என்றார். ஒரு மாதத்துக்கும் மேலாக மகனிடம் அவர் பேசிய சொற்கள் அவை மட்டுமே.

பதின்மூன்றாம் மாதத்தில் சங்கிலி வீடு வந்து சேர்ந்தது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அதனை அணிந்தே தாயார் வந்தார். கணக்கெழுதிய அந்தத் தாள் பூசை அறையின் சுவரில் உள்ளது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மகன் பணம் செலுத்திவிட்டு வந்து சொல்ல, தந்தையார் மூக்குக் கண்ணாடியை அணிந்து கொண்டு அதில் ஒரு வரியை அடிக்கின்றார். இன்னும் பதினொரு வரிகள் இருக்கின்றன.