ஒரு இட்லிக்கு எத்தனை ரவுண்டு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் 2010-இல் மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். என்னைப் பேச அழைத்த சங்கச் செயலாளர், "கம்பெனிக் கதையெல்லாம் வேண்டாம்ப்பா, வீட்டுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே என் வீட்டில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டும் பசியும் என்பதுதான் விஷயம். நான் டாக்டர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்ட அப்பா, அவ்வளவுதான்.

என் மகனுக்குப் பத்து வயது. போன வருஷம் பள்ளியில் எடை பார்த்துவிட்டு, வயதுக்கு மீறிய எடை என்று எழுதி அனுப்பினார்கள். நாம்தான் இன்ஜினியர் ஆயிற்றே! உடனே ஒரு நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் உள்ளே போகும் கலோரி, வலப்பக்கம் செலவாகும் கலோரி. பாய்லருக்கு ஹீட் பேலன்ஸ் ஷீட் போடுவோமே, அதே மாதிரி. காலை ஐந்தரைக்கு அவனை எழுப்பி, பக்கத்து மைதானத்தில் ஆறு ரவுண்டு ஓடவிட்டேன்.

முதல் வாரமே கணக்கு உதைத்தது. ஓடிவிட்டு வந்தவன் தட்டைத் தொடவில்லை. என் அம்மா பதறிப்போய், "ஏண்டா, பச்சப்புள்ளய ஓட வச்சே பசியக் கொன்னுட்டியே" என்று நெய் தோசையோடு பின்னாலேயே திரிந்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டான். "பார்த்தாயா, ஓடியதற்கு ஈடாகத் தின்றுவிட்டான்" என்று நான் மறுநாள் இரண்டு ரவுண்டு கூட்டினேன். காலையில் அம்மா ஊட்டுவார்கள், இரவில் நான் தடுப்பேன். இப்படி இரண்டு மாதம் ஓடியது.

ஒருநாள் ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டவன், மூன்றாவதுக்குக் கை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான். என்னைப் பார்த்துக் கேட்டான்: "அப்பா, இந்த ஒரு இட்லிக்கு எத்தனை ரவுண்டு ஓடணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் குழந்தை டாக்டரைப் போய்ப் பார்த்தேன், உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

முதல் விஷயம். ஓடி முடித்ததும் பசி இல்லை என்பது கோளாறு அல்ல. கிரெலின் என்று ஒரு ஹார்மோன். 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கண்டுபிடித்தது. பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, "பசிக்கிறது" என்று மூளைக்குச் சொல்வது அதுதான். மூச்சு வாங்க ஓடும்போது அதன் செயல்படும் வடிவம் கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது. "போதும்" என்று சொல்லும் குடல் ஹார்மோன்கள் ஏறுகின்றன. பசி செத்துப்போகவில்லை, சற்றுத் தள்ளி நிற்கிறது. நம் பாஷையில் இது ஒரு டைம் லேக். அந்த நேரத்தில் ஊட்டுவது வீண் சண்டை.

இரண்டாவது, ஓடிய பிள்ளை ஓடியதற்கெல்லாம் ஈடாகத் தின்றுவிடும் என்ற என் பயம். பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படிக் காட்டவில்லை. பிரான்ஸில் டேவிட் திவெல் குழுவினர், எடை மிகுந்த வளரிளம் பிள்ளைகளுக்குக் காலையில் கடும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் தாமாகவே குறைத்துச் சாப்பிட்டார்கள். ஆனால் பசி குறைந்ததாக அவர்களுக்கே தோன்றவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் டைனமிக்ஸ் லேப்தான் ஞாபகம் வந்தது. போர்ட்டர் கவர்னர் எக்ஸ்பெரிமென்ட். ஸ்லீவ் மேலும் கீழும் ஆடுகிறதே என்று நான் பென்சிலால் அழுத்தி நிறுத்தப் போனேன். "கையை எடுடா! அதை விட்டா தானா நிக்கும்" என்று சார் போட்ட சத்தம் வராண்டா வரை கேட்டது. (சார் முன்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார்!) பிள்ளையின் உடம்புக்குள்ளும் ஒரு கவர்னர் இருக்கிறது. ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் நானும் அதன் ஸ்லீவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் அந்தக் கவர்னரைக் கெடுப்பது எது? அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் 213 தொழிலாளர்களை ஆராய்ந்து, ஜீன் மேயர் குழுவினர் 1956-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உழைப்புக் கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, சரி. ஆனால் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் இருந்தார்கள். அது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகள் பக்கம் வந்தால், டென்மார்க்கில் 22 பையன்களை ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடவைத்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட அதிகம் சாப்பிட்டார்கள், பசி கூடாமலே! போனைக் காட்டி ஊட்டும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, என் நோட்டுக் கணக்கே தப்பு. 35 கிலோ பையன் அரை மணி நேரம் மெதுவாக ஓடினால் செலவாவது சுமார் 120, 130 கலோரி. இரண்டு மூன்று இட்லிக்குச் சரி. ஆனால் 10 முதல் 12 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,200 கலோரி தேவை என்று ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொல்லியிருக்கிறது. உடம்பு இயங்கவும் வளரவும் வேண்டிய சாப்பாடு அது. அதை ஓடிச் சம்பாதிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், ஓட்டம் தண்டனையாகிவிடும், சோறு கடனாகிவிடும். என் மகனுக்கு இரண்டும் ஆகியிருந்தது.

நோட்டைக் கிழித்துப் போட்டேன். டாக்டர் சொன்ன வழி எளிமையானது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த முறை அது: என்ன, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் வேலை, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வேலை.

இப்போது சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் தினம் சராசரி 60 நிமிடம்தான். விளையாடி வந்தால் முதலில் தண்ணீர், அரை மணி கழித்துச் சாப்பாடு. சாப்பிடும்போது டி.வி., போன் கிடையாது, எனக்கும்தான். "ஓடினா ஐஸ்கிரீம்", "சாப்பிட்டா போன்" என்ற லஞ்சமும் இல்லை. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒன்று மட்டும் கவனம்: நாள்கணக்கில் பசியே எடுக்கவில்லை, எடை இறங்குகிறது, பிள்ளை சோர்ந்து போகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். என் பேச்சை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

பையன் இளைத்துவிட்டானா என்று கேட்பீர்கள். எடை குறையவில்லை, உயரம் கூடியிருக்கிறது, பழைய டிராயர் இடுப்பு இன்னும் பிடிக்கவில்லை. போன வாரம் பாதித் தோசையில் "போதும்" என்று எழுந்தான். "ஏன்" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மறுநாள் நான்கு இட்லி சாப்பிட்டான். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே பந்தி தயார் என்கிறார்கள். நம் பிள்ளைகள் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டதும் இலையில் உட்கார வைத்து ஊட்டாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் பொறுங்கள். சார் சொன்னதுதான்: கையை எடுத்தால் தானாக நிற்கும்.